பேர்பன் சுவைஞர் வட்டம், யாழ்ப்பாணம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, இன்று வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கியைச் சுவைக்கும் எங்கள் வட்டத்தின், கடந்த தை முதல் மார்கழி வரையான ஓராண்டுக்குரிய அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். செயலாளராக நான் வைக்கும் மூன்றாவது அறிக்கை இது. முதல் இரண்டும் ஒவ்வொரு பக்கத்துக்குள் முடிந்தன. இந்த முறை சொல்ல வேண்டியவை கூடிவிட்டன. பொறுமையாகக் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டங்கள்

யாப்பின்படி மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். ஒன்பது நடந்தன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வழமைபோல வட்டம் கூடவில்லை. கந்தசஷ்டிக்கும் அப்படியே. கார்த்திகைக் கூட்டம் மழையால் நின்றது. கொக்குவில் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். பூரணையில் விழுந்த சனிக்கிழமைக் கூட்டத்தை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்தோம். தைப்பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. இரண்டு அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்குத் திருமணம் நடந்தது, வாழ்த்து அனுப்பினோம். ஓர் அங்கத்தவரின் தாயார் காலமானார், நிர்வாகசபை சென்று துக்கம் விசாரித்தது.

வட்டத்தின் அளவு விதி இந்த ஆண்டு ஒருமுறைகூட மீறப்படவில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கு நான்கு சுவை, ஒவ்வொன்றும் 15 மில்லிலீற்றர், மொத்தம் 60. அதற்கு மேல் தலைவருக்கும் இல்லை. வந்தவுடன் மோட்டார் சைக்கிள் திறப்பை விறாந்தைத் தட்டில் போட்டுவிட்டு, திரும்பும்போது ஓட்டோவில் போகிறோம். குடியால் குடும்பங்கள் உடைந்ததை இந்த ஊரில் பார்க்காதவர் யாரும் இல்லை. என்னுடைய சொந்தத்திலும் உண்டு. அதனால்தான் இந்த விதியை எழுதும்போது நான் அவ்வளவு பிடிவாதமாக நின்றேன். ஓட்டோச் செலவு கூடிப்போனது என்று ஆனி மாதம் ஒருவர் முறையிட்டார். அந்தச் செலவைக் குறைக்க நான் உடன்படமாட்டேன் என்பதை இங்கேயும் பதிந்துவைக்கிறேன்.

எது குடித்தோம், எது பிடித்தது

ஒவ்வொரு கூட்டமும் "இப்ப வீட்டில எது ஓடுது?" என்ற கேள்வியோடு தொடங்கும். திறந்திருக்கும் போத்தல் எது, அதில் என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்று சுற்றி வர எல்லோரும் சொல்லுவோம். நாலு பேராக என் வீட்டு விறாந்தையில் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வழக்கம் மாறவில்லை.

மாசியில் இரண்டு புதியவர்கள் சேர்ந்தார்கள். இருவரும் ஸ்கொட்ச் குடித்துப் பழகியவர்கள். பேர்பன் என்றால் என்ன என்று தலைவர் அவர்களுக்கு விளக்கினார். தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளம் இருக்க வேண்டும். வடித்தெடுக்கும்போது மதுசாரம் 80 வீதத்தைத் தாண்டக் கூடாது, பீப்பாவுக்குள் போகும்போது 62.5 வீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பா புதிதாக இருக்க வேண்டும். ஓக் மரத்தில் செய்து உள்பக்கத்தை நெருப்பால் கரித்திருக்க வேண்டும். போத்தலில் 40 வீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமோ வாசனையோ ஒரு துளி சேர்க்கக் கூடாது. கென்ரக்கியில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை, அமெரிக்காவில் எங்கு செய்தாலும் சரி. அது தங்கள் நாட்டுக்கே உரிய பொருள் என்று 1964 இல் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் போட்டது.

புதியவர்களில் ஒருவர், "ஒவ்வொரு முறையும் புதுப் பீப்பா எண்டா, பழசெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டார். பெரும்பகுதி ஸ்கொட்லாந்துக்குப் போகிறது என்றோம். அவர் இருபது வருடமாகக் குடித்த ஸ்கொட்சில் பெரும்பங்கு, முன்னர் பேர்பன் கிடந்த பீப்பாவுக்குள் இருந்து முதிர்ந்ததுதான். அவர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றிலிருந்து ஒரு கூட்டமும் தவறவிடாதவர் அவர் ஒருவர்தான்.

ஆண்டின் முதல் பாதியில் அதிகமானோர் வாயில் வந்த பெயர் மேக்கர்ஸ் மார்க். சிவப்பு மெழுகில் தோய்த்த கழுத்தோடு வரும் போத்தல். சோளத்துக்கு அடுத்தபடியாக வழக்கமாகப் போடும் ரை தானியத்தை விட்டு அதில் கோதுமை போடுகிறார்கள். அதனால் உறைப்பு இல்லை, நாக்கில் மெதுவாக இறங்குகிறது. பருத்தித்துறைத் தம்பி மூன்று மாதமாக இதைத்தான் சொன்னார். நான்காவது மாதம், "அண்ணை, எனக்கு இது இனிப்புக் காணும், கொஞ்சம் காரம் வேணும்" என்று வைல்ட் டேர்க்கி 101 பக்கம் வந்தார். அது எனக்குப் பிடித்தது. 101 என்பது ப்ரூஃப் கணக்கு, மதுசார வீதத்தை இரட்டித்துச் சொல்வது. வீதத்தில் சொன்னால் 50.5. பீப்பாவை முதலைத் தோல் போல வெடிக்கும் அளவுக்கு ஆழமாகக் கரிக்கிறார்கள். ஜிம்மி ரசல் என்பவர் 1954 இல் அந்த வடிசாலையில் வேலைக்குச் சேர்ந்து, வாழ்நாள் முழுக்க அந்தச் சுவையை மாற்ற விடாமல் காத்தார். முதல் மிடறு நெருப்புத்தான். இரண்டு துளி தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் கறுவாவும் பனங்கட்டியும் வெளியே வரும். பொறுக்க முடியாதவர்களுக்கு அது கிடைக்காது.

பங்குனியில் எவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபல் திறந்தோம். லேபலில் உள்ள 'பொட்டில்ட் இன் பொண்ட்' என்ற சொற்களைப் பற்றி எங்கள் கணித வாத்தியார் அரைமணி நேரம் பேசினார், ஒருவரும் எழும்பவில்லை. 1897 இல் வந்த சட்டம் அது. அதற்கு முன்னர் அமெரிக்காவில் பச்சைச் சாராயத்துக்குப் புகையிலைச் சாறு முதல் கண்டதையும் விட்டு நிறமேற்றி விஸ்கி என்று விற்றார்கள். ஒரே வடிசாலை, ஒரே பருவத்து வடிப்பு, அரசாங்கக் கண்காணிப்பில் உள்ள களஞ்சியத்தில் குறைந்தது 4 வருடம், போத்தலில் சரியாக 50 வீதம் என்று சட்டம் கட்டியது. குடிக்கிற பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அரசாங்கமே பொறுப்பு நிற்க வேண்டியிருந்தது. கசிப்பால் கண் போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட எங்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமை விளங்கும் என்று வாத்தியார் முடித்தார். விலைக்கும் தரத்துக்கும் பார்த்தால் இந்த ஆண்டின் சிறந்த போத்தல் இதுவே என்று கூட்டம் ஒருமனதாகப் பதிந்தது.

ஃபோர் ரோசஸ் சிங்கிள் பரல் ஆனியில். இரண்டு தானியக் கலவை, ஐந்து நொதியம், பெருக்கினால் பத்து வகை. அந்தப் பத்தில் ஒன்றுதான், அதுவும் ஒரேயொரு பீப்பாவிலிருந்துதான், ஒரு போத்தலுக்குள் வருகிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பஃபலோ ட்ரேஸ் தலைவரின் மருமகன் மெல்பேர்ணிலிருந்து கொண்டுவந்தது, எல்லோருக்கும் பிடித்தது, ஒருவருக்கும் சண்டை பிடிக்க விடயம் கிடைக்கவில்லை. ஜாக் டேனியல்ஸ் பேர்பனா இல்லையா என்ற பழைய வாக்குவாதம் இந்த ஆண்டும் வந்தது. மேப்பிள் மரக்கரிக்குள்ளால் சொட்டுச் சொட்டாக வடிய விட்ட பிறகுதான் அதைப் பீப்பாவில் ஊற்றுகிறார்கள், லேபலில் ரெனசி விஸ்கி என்றே போடுகிறார்கள். அதை அப்படியே அழைப்போம் என்று முடிவெடுத்தோம். இந்த விடயம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன்.

பல லேபல்களில் 'சவர் மாஷ்', அதாவது புளித்த தானியக் கலவை, என்று இருக்கும். அதை விளங்க வைத்தவர் அங்கத்தவர் அல்லர், ஆடிக் கூட்டம் நடந்த வீட்டு அக்கா. "அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிறது மாதிரித்தானே?" என்று அடுக்களைக்குள்ளிருந்தே கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான். கள்ளில் உயிருள்ள நொதியம் இருக்கிறது, அது மாவைப் பொங்கச் செய்கிறது. பேர்பன் செய்யும்போது விடுவது முந்திய வடிப்பில் மதுசாரம் எடுத்த பிறகு மிஞ்சும் புளிநீர். அது புதுக் கலவையில் புளிப்பைச் சரியான அளவில் வைத்து, வேண்டாத கிருமிகள் வளராமல் தடுக்கிறது. ஜேம்ஸ் குறோ என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19ஆம் நூற்றாண்டில் கென்ரக்கியில் அளந்து எழுதி ஒழுங்குபடுத்திய முறை. அன்று அக்கா சுட்ட பாலப்பத்தோடு குடித்த நொப் கிறீக்கை மறக்க முடியாது. அக்காவுக்கு வட்டத்தின் நன்றி.

சுவைக்குறிப்பேடு

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம்.

மூன்று வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் எங்கள் சுற்றில் வந்த பதில் என்ன? "நல்லாயிருக்கு." "பரவாயில்லை." "கொஞ்சம் கடும்." இதற்கு மேல் போனால் இணையத்தில் வாசித்த ஆங்கிலச் சொற்கள். செரி, பட்டர்ஸ்கொச், பீக்கன் பை என்று சொல்லுவார்கள். இவற்றைச் சாப்பிட்டவர் எங்களில் எத்தனை பேர்? தான் ஒருநாளும் மணக்காத ஒன்றின் மணம் கிளாசுக்குள் இருக்கிறது என்று ஒருவர் சொல்வதும், மற்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டுவதும் எனக்குப் பெரிய மனக்கஷ்டமாக இருந்தது. அது பொய். மூக்கு ஒன்று சொல்ல வாய் இன்னொன்று சொல்லும் பொய்.

ஆகவே பங்குனியில் நான் ஒரு வேலையைத் தொடங்கினேன். ஹோமியோபதி மருந்து விடும் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள் இருபத்துநான்கு வாங்கினேன். திருநெல்வேலிச் சந்தையிலும் என் வீட்டு அடுக்களையிலும் வளவிலும் கிடைத்த மணங்களை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டேன். பனங்கட்டி. பனம்பழக் களியைக் காயவைத்த பினாட்டு. புழுக்கொடியல். கறுவாப் பட்டை, கராம்பு, சாதிக்காய். வறுத்த கச்சான், கச்சான் தோல் தனியாக. காய்ந்த தோடம்பழத் தோல். எரிந்த பனையோலைச் சாம்பல். தச்சுப்பட்டறையில் எடுத்த வேம்பு, தேக்கு, பலா மரத்தூள். பேரீச்சம்பழம். தேயிலைத் தூள். ஒரு போத்தலில் தும்பு முட்டாஸ். நல்லூர் வீதியில் அதைச் சுற்றும்போது எழும் அந்தச் சீனி கருகும் மணத்துக்காக. இவற்றுக்கு இலக்கம் ஒட்டி, பெயரை மறைத்து, கூட்டத்தில் சுற்றவிட்டேன். முதலில் போத்தலை மணக்க வேண்டும், பிறகு கிளாசை. எந்த இலக்கம் கிளாசுக்குள் இருக்கிறது என்று எழுத வேண்டும்.

முதல் நாள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் மேக்கர்ஸ் மார்க்குக்கு ஒரே இலக்கத்தை எழுதியிருந்தார்கள்: தும்பு முட்டாஸ். நான் தாள்களைச் சேர்த்து வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் எல்லோரும் ஒரே பொருளைக் குடித்தோம் என்ற நினைவு.

வைகாசியில் இன்னொன்று நடந்தது. நொப் கிறீக் ஒன்பது வருடம். இளைப்பாறிய தபாலதிபர் ஐயா மணந்துவிட்டு, "இதுக்குள்ள தேங்காய்ப்பால் இருக்குது" என்றார். இலக்கத்தில் தேங்காய் இல்லை. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஐயா கிளாசை வைத்துவிட்டு அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. நான் வீட்டுக்குப் போய்த் தேடி வாசித்தேன். அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தில் லக்ரோன் என்ற வகைச் சேர்மம் இருக்கிறது, அது தரும் மணம் தேங்காய் மணமே. அந்த மரத்தில் அது மற்ற ஓக்குகளைவிடக் கூடுதலாக உண்டு. மரத்தைச் சூடாக்கிக் கரிக்கும்போது அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் உடைந்து வனிலா மணம் வருகிறது, மரத்தின் சீனிப் பகுதி உருகிப் பாகாகிறது, இந்தத் தேங்காயும் கூட வருகிறது. ஐயாவின் மூக்கு சரி. சிரித்தவர்கள் பிழை. அடுத்த கூட்டத்தில் நான் எழும்பி இதை எல்லோருக்கும் சொல்லி, இருபத்தைந்தாம் போத்தலாகத் தேங்காய்ப்பூவைச் சேர்த்தேன். ஐயா அன்று வரவில்லை, அதற்குப் பிறகும் இரண்டு மாதம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இப்போது வருகிறார். அவர் இல்லாவிட்டால் குறிப்பேட்டில் பாதி இருக்காது.

புரட்டாதியில் ஒரு சோதனை வைத்தேன். ஐந்து கிளாஸ், ஒன்றுக்கும் பெயர் இல்லை. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு கிளாசுக்கும் 12 மில்லிலீற்றர். மொத்தம் அதே 60. நாலு பேர்பன், ஐந்தாவது பனஞ்சாராயம். வந்த பதினொருவரில் எட்டுப் பேர் ஐந்தாவது கிளாசுக்குப் பினாட்டு என்று எழுதினார்கள். என்ன பானம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் பனையிலிருந்து வந்தது என்று மூக்குக் கண்டுபிடித்துவிட்டது. ஒருவரும் அதைப் பேர்பன் என்று நினைக்கவில்லை, ஏனென்றால் கரித்த ஓக்கின் வனிலா அதில் கிடையாது. எங்கள் தென்னஞ்சாராயத்தை முதிர வைப்பது ஹல்மில்ல மரத் தொட்டிகளில். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்துக் கப்பலேற்றிய அதே மரம். ஒவ்வொரு மரமும் தன் கதையைச் சாராயத்துக்குள் எழுதுகிறது. அதை வாசிக்கச் சொல் வேண்டும்.

இப்படிச் சேர்ந்ததுதான் சுவைக்குறிப்பேடு. இன்றைக்கு அதில் நாற்பது பக்கம் இருக்கிறது. ரை கூடிய பேர்பனுக்குக் கறுவா, கராம்பு. ஜிம் பீமுக்குக் கச்சான் தோல். பழைய பீப்பாவின் ஆழத்துக்கு ஓலைச் சாம்பலும் தேயிலையும். குடித்து முடித்த பிறகு வாயில் மிஞ்சுவதற்கு 'நின்ற சுவை' என்ற சொல்லை வாத்தியார் தந்தார், அது எத்தனை விநாடி நிற்கிறது என்று மணிக்கூடு பார்த்து எழுதுகிறோம். இதெல்லாம் நாங்களே மணந்து, நாங்களே ஒத்துக்கொண்ட சொற்கள்.

இதற்கு வட்டத்தின் காசைச் செலவழித்தேன் என்று அரையாண்டு நிர்வாகசபைக் கூட்டத்தில் ஒருவர் குற்றம் சாட்டினார். பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கண்ணாடிப் போத்தலுக்கும் லேபலுக்கும் கொப்பிக்கும் போனது நாலாயிரத்துச் சொச்சம். அதில் பாதி என் சொந்தக் காசு. பற்றுச்சீட்டு பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். குற்றம் சாட்டியவர் அந்தக் குறிப்பேட்டை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் வந்திராது.

வட்டத்தின் போத்தல்கள் என் வீட்டில் இருப்பது பற்றியும் கதை அடிபட்டது. அதற்கும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து வெக்கையில் போத்தலை ஷோக்கேசில் வைத்தால் கெடும். என் வீட்டு நடு அறை குளிர்மை, வெயில் படாது. போத்தல்களை நிமிர்த்தித்தான் வைக்கிறேன். படுக்க வைத்தால் கடும் மதுசாரம் தக்கையை அரித்துவிடும். பாதிக்குக் கீழே போனவற்றைச் சிறிய போத்தலுக்கு மாற்றுகிறேன், காற்றுப் பட்டால் மணம் போய்விடும். ஒவ்வொன்றிலும் அளவுக் கோடும் திகதியும் ஒட்டிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். வேறு எவருக்காவது இதைவிட நல்ல இடம் இருந்தால் இன்றே எடுத்துக்கொண்டு போகலாம்.

வருகையும் சந்தாவும்

எங்கள் அங்கத்தவர் தொகை 24. சித்திரைக் கூட்டத்துக்கு 21 பேர் வந்தார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணை ஒருவர் பிளான்ரன்ஸ் கொண்டுவருகிறார் என்று வட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். 1984 இல் ஒற்றைப் பீப்பாப் பேர்பன் என்று முதன்முதலாக விற்பனைக்கு வந்த போத்தல், மூடியில் குதிரையும் ஓட்டுநரும். கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கினோம். அடுத்த மாதம், சாதாரணப் போத்தல்கள், ஏழு பேர். இருபது பேருக்கென்று அவித்த கடலையை அயலட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

ஏழு பேர் வந்த கூட்டங்களில்தான் குறிப்பேடு எழுதப்பட்டது. அந்த ஏழு பேரின் பெயரை இங்கே வாசிக்கலாம் என்றேன், தலைவர் வேண்டாம் என்றார். சரி. ஆனால் யார் என்று அவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

அந்தக் குதிரை மூடி பற்றியும் ஒரு வார்த்தை. குதிரை ஓடும் நிலைகள் எட்டு, ஒவ்வொரு மூடியிலும் ஒன்று, ஒவ்வொன்றிலும் பெயரின் ஓர் எழுத்து. எட்டையும் சேர்த்து வைத்தால் ஒரு முழு ஓட்டம் தெரியும். எங்களுக்குக் கிடைத்த முதல் மூடி அது. கூட்டம் முடிந்தபோது காணவில்லை. எடுத்தவர் ஆசையில் எடுத்திருப்பார். அது வட்டத்துக்கு அன்பளிப்பாக வந்தது. என் வீட்டுப் படலையில் தபாற்பெட்டி இருக்கிறது, இரவிலும் போடலாம், யார் என்று நான் கேட்கமாட்டேன்.

சந்தா மாதம் 2000 ரூபா. முழுவதும் கட்டியவர் 9 பேர். பாதியில் நிற்பவர் 8. ஒரு மாதமும் கட்டாதவர் 7. அறுபதுக்கும் மேற்பட்ட தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கிறேன். பிள்ளையின் ரியூசன் காசு, பைக் திருத்த வேலை, கூரைத் திருத்தம் என்று சொன்னவர்களை நான் நம்புகிறேன், காலம் அப்படி. நிர்வாகசபையிடம் ஒரு வார்த்தை சொன்னால் தவணை போட்டுத் தந்திருப்போம், இரண்டு பேருக்குச் செய்தும் இருக்கிறோம். எனக்குத் தாங்க முடியாதது வேறு. சித்திரையில் வந்து பிளான்ரன்ஸ் சுவைத்துவிட்டு, அதன் பிறகு என் இலக்கத்தைப் பார்த்ததும் தொலைபேசி எடுக்காதவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் என்னைக் கஸ்தூரியார் வீதியில் கண்டு கடைக்குள் போய்விட்டார். பழகிய மனிதர். அவரிடம் காசு கேட்க நான் போகவில்லை, சுகம் விசாரிக்கத்தான் கிட்டப் போனேன்.

வரவு செலவு

விபரத்தைப் பொருளாளர் தனியாக வைப்பார். மொத்தத்தில் வரவைவிடச் செலவு கொஞ்சம் கூட. போத்தல் கொள்வனவு, ஓட்டோ, சிற்றுண்டி, குறிப்பேடு என்பன முக்கிய செலவுகள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள் விமான நிலையத்து வரியில்லாக் கடையில் வாங்கித் தந்தவை அன்பளிப்பாகப் பதியப்பட்டுள்ளன. துண்டு விழுந்த தொகையைத் தலைவரும் பொருளாளரும் நானும் பகிர்ந்து போட்டோம். அது கடனா அன்பளிப்பா என்பதை இந்தச் சபை முடிவெடுக்கட்டும். என் பங்கை நான் கேட்கமாட்டேன்.

நன்றி

கூட்டம் நடத்த வீடு தந்த அங்கத்தவர்களுக்கும், அதைவிட மேலாக அவர்களின் வீட்டாருக்கும், எங்களைக் காத்திருந்து ஏற்றிச் சென்ற ஓட்டோத் தம்பிமாருக்கும், போத்தல் கொண்டுவந்த வெளிநாட்டு உறவுகளுக்கும், கணக்கைப் பார்த்துத் தந்த கணக்காய்வாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு

செயலாளர் பதவிக்கு நான் மீண்டும் நிற்பதா என்று பலர் கேட்டார்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன். வேறொருவர் முன்வந்தால் திறப்பு, கொப்பி, போத்தல் எல்லாவற்றையும் இன்றே கையளிக்கத் தயார். இளையவர் ஒருவர் வந்தால் எனக்குச் சந்தோஷம், பருத்தித்துறைத் தம்பி செய்யக்கூடியவர், நான் பக்கத்தில் நின்று உதவுவேன். ஒருவரும் முன்வராவிட்டால் இன்னும் ஓராண்டு செய்கிறேன். ஆனால் ஏழு பேரோடு செய்ய முடியாது. மூக்கு ஏழு போதாது. ஏழு பேர் ஒன்றாகப் பிழைவிடலாம், இருபது பேர் ஒன்றாகப் பிழைவிடுவது அரிது.

ஃபோர் ரோசஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். ஆனிக் கூட்டத்தில் அதை மணந்தபோது எல்லோருக்கும் ஒரு மணம் பிடிபட்டது. பழமும் அல்ல, பூவும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் ஏதோ. இருபத்தைந்து போத்தலையும் திறந்து பார்த்தோம், ஒன்றிலும் இல்லை. பிறகு ஒருநாள் வந்து மணந்த தபாலதிபர் ஐயா, "சின்ன வயசில மணந்திருக்கிறன், எங்க எண்டு வருகுதில்லை" என்றார். வாத்தியார் மல்லிகை என்றார், பிறகு இல்லை என்றார். குறிப்பேட்டின் நாற்பத்தோராம் பக்கம் அதற்காகத் திகதியோடு வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் போத்தலில் இன்னும் 300 மில்லிலீற்றர் இருக்கிறது. ஆளுக்கு 15 மில்லிலீற்றராக இருபது பேருக்குச் சரியாக வரும்.

அடுத்த கூட்டம் தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை, மாலை 6.30, கொக்குவிலில் என் வீட்டில். நிலுவைச் சந்தாவை அன்றைக்கே கட்டலாம். முழுவதும் இல்லாவிட்டால் இருப்பதைக் கொண்டுவாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள். அந்த மணம் உங்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

இவ்வண்ணம்,
செயலாளர்